கணுவைப் பாருங்கள், பூவை அப்புறம் பார்க்கலாம்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆகட்டும். எந்தக் காலி மனையில் போய் நின்றாலும் இருபது முப்பது வகைச் செடியாவது காலடியில் இருக்கும். பெயர் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பருவம் நம் ஊரில் கிடையாது. எல்லாம் இளசாக, பூவும் பிஞ்சுமாக, இலை கெடாமல் நிற்கும். தை கடந்தால் பாதி காய்ந்துவிடும்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் பூவில்தான் தொடங்குகிறார்கள். கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆனால் "மஞ்சள் பூ, ஐந்து இதழ்" என்று ஒருவர் சொன்னால் அது ஆவாரையாக இருக்கலாம், துத்தியாக இருக்கலாம், நெருஞ்சியாகவும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு குடும்பம். அதே ஆள் "இலை எதிரெதிராக இருக்கிறது, கிள்ளினால் பால் வருகிறது" என்று சொன்னால், பூவே இல்லாமல் முக்கால்வாசிச் செடிகளைத் தள்ளிவிடலாம். இந்தத் தகவல் எல்லாம் இருப்பது கணுவில்.

தண்டில் இலை முளைக்கும் இடம்தான் கணு. அங்கே பார்க்க வேண்டியது நான்கு. ஒரு கணுவில் எத்தனை இலை. இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில், அதாவது இலைக்கக்கத்தில், மொட்டோ பூவோ இருக்கிறதா. காம்பின் அடியில் இருபுறமும் குட்டி இலை போலவோ முள் போலவோ ஏதாவது ஒட்டியிருக்கிறதா (இதுதான் இலையடிச் செதில்). கிள்ளினால் என்ன வருகிறது, என்ன வாசம் அடிக்கிறது. பழகிவிட்டால் இந்த நான்கையும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு என்று நம் ஊரில் அதிகம் பிடுங்கப்படும் செடி இது. அதிகம் தவறாகப் பிடுங்கப்படுவதும் இதுதான்.

முழங்கால் உயரம்கூட வராத செடி. நடுத்தண்டு ஒன்று நேராக நிற்கும், அதிலிருந்து பக்கவாட்டில் புளிய இலை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் அதைக் கூட்டிலை (ஒரே ஈர்க்கில் பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை) என்றுதான் நினைப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு "சிற்றிலை"யின் கக்கத்திலும் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டை வரிசையாகத் தொங்கும். அது காய். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டோ பூவோ காயோ ஒருபோதும் வராது, முழு இலையின் கக்கத்தில்தான் வரும். ஆகவே நீங்கள் இலை என்று நினைத்தது இலை இல்லை, ஒரு கிளை. சிற்றிலை என்று நினைத்தது ஒவ்வொன்றும் தனித்தனி முழு இலை. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்குக் கூட்டிலை என்றால் என்ன என்பது வாழ்நாளுக்கும் மறக்காது.

இப்போது நடுத்தண்டைப் பாருங்கள். உண்மையான கீழாநெல்லியில் நடுத்தண்டில் பச்சை இலை இருக்காது. இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் சிறு செதில்கள் மட்டும் ஒட்டியிருக்கும், அந்தக் கக்கத்திலிருந்துதான் பக்கக்கிளை கிளம்பும். நடுத்தண்டிலேயே சுற்றிலும் இலை இருந்து, இலை அடியில் ஆப்பு போல ஒடுங்கி நுனியில் அகன்று இருந்தால் அது மேலாநெல்லி. அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். சென்னையின் பழைய பெயரையே சுமந்துகொண்டிருக்கும் செடி.

அடுத்தது காய். வழவழப்பாக, மெல்லிய காம்போடு தொங்கினால் கீழாநெல்லிப் பக்கம். காம்பே தெரியாமல் கிளையோடு ஒட்டி, மேல்தோல் சொரசொரவென்று சிறு மருக்களோடு இருந்தால் ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அதன் தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும், இலை விளிம்பில் விரலை ஓட்டினால் நுண்ணிய மயிர் உரசும். தண்டு சிவப்பு என்பதை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் நின்ற எந்தச் செடியும் கொஞ்சம் சிவக்கும். காயின் மேல்தோல்தான் சாட்சி.

இன்னும் ஒரு படி போக லென்ஸ் வேண்டும். கீழாநெல்லியின் பூவில் இதழ் போல இருக்கும் பச்சை வெள்ளை மடல்களை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆறு இருந்தால் அதற்கு நெருங்கிய வேறு இனம். பழைய மூலிகைப் புத்தகங்களில் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர்ச் செடிகளுக்கு அந்தப் பெயரை ஒட்டியது பழைய குழப்பம், இன்னும் மருந்துப் பொட்டலங்களில் தொடர்கிறது. கீழாநெல்லி வகைகள் அந்தியில் இலையை மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தொட்டாற்சிணுங்கி என்று சொல்லிவிடக் கூடாது.

இதே பாடம் மரத்திலும் உண்டு. பெருநெல்லி மரத்தின் "கூட்டிலை"யும் கூட்டிலை இல்லை, இலைகள் வரிசையாக அமைந்த மெல்லிய கிளைதான். அதனால்தான் நெல்லிக்காய் அந்தக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. வேம்பில் அப்படி எந்த ஈர்க்கின் நடுவிலும் பூ வராது, ஈர்க்கின் அடிக்கக்கத்தில்தான் வரும். ஏனென்றால் வேப்ப ஈர்க்கும் அதில் உள்ள சிற்றிலைகளும் சேர்ந்து ஒரே இலை.

வேம்பைச் சொன்னதால் மலைவேம்பையும் சொல்லிவிடலாம், நாற்று வாங்குகிறவர்களுக்கு உதவும். வேம்பின் ஈர்க்கு ஒன்றுதான், அதன் இருபுறமும் அரிவாள் போல வளைந்த சிற்றிலைகள் நேராகவே ஒட்டியிருக்கும். மலைவேம்பில் ஈர்க்கு கிளைத்து, அந்தக் கிளையும் சில இடங்களில் மறுபடி கிளைத்து, அதற்குப் பிறகுதான் சிற்றிலை. நாற்று ரொம்பச் சின்னதாக இருந்தால் முதல் சில இலைகள் எளிமையாகவே இருக்கும். ஒரு அடி வளர்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள்.

செதில் சொல்லும் செய்தி

ஆவாரையைப் பூவை வைத்து அடையாளம் காண்கிறவர்களே அதிகம். பூ இல்லாத மாதத்தில் தடுமாறுவார்கள். காம்பின் அடியைப் பாருங்கள், காது மடல் போல அகலமான இலையடிச் செதில் இரண்டு, உதிராமல் தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ஆரிகுலேட்டா என்ற சொல்லுக்கே காது உடையது என்றுதான் பொருள். ஈர்க்கின் மேல்பக்கத்தைப் பார்த்தால் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே நிமிர்ந்த சிறு சுரப்பி ஒன்று இருக்கும். இணைகள் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு.

பேயாவரை அப்படி இல்லை. சிற்றிலை நான்கு ஐந்து இணைதான், நுனி நன்றாகக் கூர்ந்திருக்கும், சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று. கசக்கினால் கெட்ட வாடை. இதைப் பிரித்தறிவது விளையாட்டுக் காரியம் இல்லை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறு குழந்தைகள் இதன் காயையும் விதையையும் தின்று ஈரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். வெகுகாலம் அதை ஏதோ வைரஸ் காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். தகரையில் மூன்றே இணை, சிற்றிலையின் நுனி அகன்று மழுங்கியிருக்கும், காய் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். மூன்றும் சாலையோரத்தில் அடுத்தடுத்து நிற்கும், மூன்றுக்கும் பூ மஞ்சள்தான்.

அரசமரக் கன்றையும் பூவரசங்கன்றையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கும் செதில்தான் துணை. இரண்டுக்கும் இலை இதய வடிவம். அரசின் கிளை நுனியில் தொப்பி மாட்டியதுபோலச் செதில் மொட்டை மூடியிருக்கும், அது உதிர்ந்ததும் கணுவைச் சுற்றி மோதிரம் போல ஒரு வடு மிஞ்சும். ஆல், அத்தி, இத்தி எல்லாவற்றிலும் இதே மோதிரம் உண்டு. கிள்ளினால் பால் வரும். பூவரசில் மோதிரமும் இல்லை, பாலும் இல்லை. அரசிலையின் நுனி வால் போல நீண்டிருக்கும் என்பார்கள், சரிதான். ஆனால் இளங்கன்றில் பூவரசுக்கும் நுனி ஓரளவு நீளும், அதனால் வாலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எதிரெதிர் இலை, விளிம்பில் பல் இல்லை, இரண்டு காம்புக்கும் நடுவே தண்டில் முக்கோணமாகச் செதில்: இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அநேகமாகக் காப்பிச் செடியின் குடும்பம். வெட்சி, நுணா, கடம்பு எல்லாம் அதில்தான். தண்டு சதுரம், எதிரெதிர் இலை, கசக்கினால் வாசம் என்றால் துளசி, தும்பை குடும்பத்தைத் தேடலாம். உண்ணிச்செடிக்கும் சதுரத் தண்டும் வாசமும் உண்டு, ஆனால் தண்டில் கொக்கி முள் கையைக் கிழிக்கும். அது வேறு குடும்பம்.

மஞ்சள் பூ மரங்கள்

சித்திரையில் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: சரக்கொன்றையா இல்லையா? பூச்சரம் தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சரக்கொன்றையில் சரம் தலைகீழாகத் தொங்கும். சிற்றிலை பெரியது, நான்கிலிருந்து எட்டு இணை. காய் உருண்டைத் தடி போல ஓரடிக்கு மேல் நீண்டு, முற்றினால் கறுக்கும்.

பூங்கொத்து நிமிர்ந்து நின்றால் அது கொன்றையே ஆனாலும் சரக்கொன்றை இல்லை. சாலையோரம் நிழலுக்கு வைத்த மஞ்சக்கொன்றையில் சிற்றிலை நுனி மழுங்கி இருக்கும், காய் பட்டையாக இருக்கும். இயல்வாகை என்றும் பெருங்கொன்றை என்றும் சொல்லும் மரத்தில் ஈர்க்கு கிளைத்து அதில் நுணுக்கமான சிற்றிலைகள் இருக்கும், மொட்டு துரு நிறம், காய் செம்புத் தகடு போல மரம் முழுக்கத் தொங்கும். அந்தக் காயைப் பார்த்துவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இதில் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, படம் எடுக்கத் தூண்டும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம், இன்று யானை மேயும் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வனத்துறை வெட்டி அகற்றிவருகிறது. சிற்றிலை பத்து இணைக்கு மேல், நுனி கூர்மை, கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். காய் உருண்டையாக இருப்பதால் சரக்கொன்றை என்றே பலர் பதிவிடுகிறார்கள். ஆசையோடு விதை எடுத்துப் போய் ஊரில் நட்டுவிட வேண்டாம்.

வெள்ளைப் பூவிலும் இதே தொல்லை. கரிசலாங்கண்ணி என்று நினைத்து வெட்டுக்காயப் பூண்டைப் பறிப்பவர்கள் உண்டு. பின்னதின் பூ, ஒரு சாண் வரை நீளும் ஒற்றைக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும், நடுவே மஞ்சள், ஓரத்தில் ஐந்தாறு அகலமான வெளிர் மடல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். இலை ஓரம் ஆழமாகப் பல் வெட்டியிருக்கும். கரிசலாங்கண்ணியின் பூ இலைக்கக்கத்தில் குட்டைக் காம்பில் இருக்கும், ஓர மடல்கள் நூல் போல நெருக்கமாக இருக்கும். இலை குறுகி நீண்டு, காம்பு ஏறக்குறைய இல்லாமல் தண்டில் ஒட்டியிருக்கும். தண்டைக் கசக்கிவிட்டுச் சற்றுப் பொறுங்கள், சாறு கறுத்துவிடும். மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் அழகுத் தரைக்கொடி ஒன்றும் கை மாறுகிறது. இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது அமெரிக்கக் கொடி, கீரைக்கு ஆகாது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு ஆமணக்கும் இல்லை, காட்டாமணக்கும் இல்லை. புனல் போன்ற அதன் இளஞ்சிவப்புப் பூவைப் பார்த்தாலே சர்க்கரைவள்ளிக்கிழங்கின் சொந்தம் என்று தெரியும். பெயரை ஊர் வைத்தது, குடும்பத்தைச் செடிதான் சொல்லும்.

செங்காந்தளுக்குப் பூ வந்துவிட்டால் யாரும் தவறு செய்ய மாட்டார்கள். ஆபத்து பூ வருவதற்கு முன்புதான். கிழங்கை உண்ணும் வள்ளி என்று நினைத்துத் தோண்டி வேகவைத்து உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் உள்ள கோல்ச்சிசின் அப்படிப்பட்ட நஞ்சு. இலை நுனியைப் பாருங்கள். காம்பில்லாத, நீண்ட, நரம்புகள் நேர்கோடாக ஓடும் இலை, அதன் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்திருக்கும். உண்ணும் வள்ளிக்கொடிகள் தண்டையே சுற்றி ஏறும், இலைக்குக் காம்பு உண்டு, நரம்புகளுக்கு நடுவே வலைப்பின்னல் தெரியும். இலை இல்லாத காலத்தில், கிழங்கை மட்டும் வைத்து எதையும் உண்ணத் தகுந்தது என்று சொல்லவே கூடாது.

பால் வரும் செடியைக் கிள்ளும்போது கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதீர்கள். எருக்கம்பால் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், முதலில் வலிகூடத் தெரியாததால் அசட்டையாக இருந்துவிடுவார்கள். பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடுவதும் வேண்டாம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். பூ வராத பருவத்தில் கேரட் இலை போலத் தரையோடு படர்ந்திருப்பது அதுதான்.

படமும் லென்ஸும்

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று போதும். பலர் அதைச் செடிக்கு மேல் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செடியை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் உங்கள் தலையால் மறையாமல் பக்கவாட்டில் விழ வேண்டும்.

கைப்பேசியில் குறைந்தது ஏழு படம்: முழுச் செடி அது நிற்கும் இடத்தோடு, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், கணு கிட்டத்தில், பூ முன்னும் பக்கவாட்டிலும், காய். கணுவுக்கும் காய்க்கும் பின்னால் உள்ளங்கையை வைத்தால் கேமரா சரியாகக் குவியும். ஒரு படத்திலாவது பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். பால் வருகிறதா, என்ன வாசம், பூ எத்தனை மணிக்கு விரிந்திருந்தது என்பதெல்லாம் படத்தில் வராது. ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட், கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் எல்லாம் பயனுள்ளவைதான். குடும்பம் வரைக்கும், பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரைக்கும் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். கீழாநெல்லி போல நெருங்கிய உறவுகள் பல உள்ள இடத்தில் சறுக்கும், ஏனென்றால் நீங்கள் மேலிருந்து எடுத்த படத்தில் காயின் மருவே இல்லை, அது எதைப் பார்த்துச் சொல்லும்? முதலில் வரும் பெயரை அப்படியே அழுத்தாமல், அந்த இனத்துக்குரிய குறிகள் உங்கள் செடியில் இருக்கின்றனவா என்று ஒன்றொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

பாடம் செய்து வைக்க விரும்பினால் சொந்த நிலத்திலோ சாலையோரத்திலோ, ஏராளமாக உள்ள செடியில் மட்டும் எடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது. பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இதைச் செய்யாமல் விட்டால் ஐந்தாம் நாள் பூஞ்சணம் பிடித்திருக்கும். பருப்புக்கீரை, ரணகள்ளி போலச் சாறுள்ளவை தாளுக்குள்ளேயே உயிரோடு இருந்து இலையை உதிர்த்துவிடும், கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து ஒற்றிவிட்டு வையுங்கள். இடம், தேதி, பூவின் நிறம் மூன்றையும் அன்றே எழுதி உள்ளே போடுங்கள். காய்ந்த பிறகு நிறம் இருக்காது. சந்தேகம் தீராத செடிக்குக் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நம் மாநிலத்தில் அதைவிடப் பெரிய இடம் இல்லை.

தொடங்குவதற்குக் காடு மலை எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பத்துக்குப் பத்து அடி மண் தரை ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஒரு வருடம் வாரம் ஒருமுறை அதையே பாருங்கள். முளைவிடும்போது, பூக்கும்போது, காய் வெடிக்கும்போது, காய்ந்து குச்சியாக நிற்கும்போது என்று ஒரே செடியை நான்கு கோலத்தில் பார்த்திருந்தால்தான் அந்தச் செடி தெரியும் என்று சொல்லலாம். கீழாநெல்லிக் காய் முற்றிய மாதத்தில் அந்தச் சிறு உருண்டையை நகத்தால் உடைத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஆறு விதை இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆரஞ்சுச் சுளை போன்ற வடிவத்தின் நீளவாக்கில் வரிகள் ஓடியிருந்தால் கீழாநெல்லி, குறுக்குவாக்கில் ஓடியிருந்தால் யூரினேரியா.